பதினான்கு படி

ஓடென்சே மாதிரி ரயில் மன்றத்து மேசைமேல், தீப்பெட்டியளவு வீடுகளுக்கு நடுவே, ஸ்வென்ட் கடைசி எல்.இ.டி.யைப் பற்றவைக்கிறார், கூடவே தன் கட்டைவிரலையும். வெளியே டிசம்பர் மழை. எதிரே போடில், கோட்டைக்கூடக் கழற்றாமல், ஆறிப்போன காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். ஸ்வென்ட் கையில் இருப்பது, வசந்தத்தில் இறந்துபோன போடிலின் கணவர் ஹோல்கர் பாதியில் விட்டுப்போன குட்டி வீடு. அவர்கள் குடியிருந்த வீட்டின் அச்சு அசல். "ஒத்த விளக்குக்குக் கரண்ட சேத்து வைக்க இவ்ளோ பெரிய கெப்பாசிட்டரா? எலிக்கு யானைச் சட்டை மாட்டிவிட்டிருக்கான். வெட்டிடறேன்" என்று ஸ்வென்ட் கட்டரை எடுக்கிறார். "அவன் கைபட்டத வெட்டாத. மொதல்ல தலகீழா வெச்ச விளக்கத் திருப்பி மாட்டு. முப்பது வருஷமா இதுக்குத்தான் அவன்கிட்ட திட்டு வாங்கற" என்கிறார் போடில். ஸ்வென்ட் அசட்டுச் சிரிப்போடு ஒயர்களை மாற்றிப் பற்றவைக்கிறார். சுவிட்சைப் போட்டதும் ஊரே ஒளிர்கிறது. ஹோல்கர் வீட்டின் கீழ்த்தள ஜன்னலும் மஞ்சளாக ஒளிர்கிறது. "எரியுதுல்ல, போதும். அணைச்சிட்டு வா, போலாம்." அணைக்கிறார். ரயில் நிலையம், தேவாலயம், ரொட்டிக்கடை எல்லாம் ஒரே நொடியில் இருட்டில் விழுகின்றன. அந்த ஒரு ஜன்னல் மட்டும் அணையவில்லை. போடில் எழுந்தவர் அப்படியே நிற்கிறார். "நான் மாடி ஏறி முடிக்கிற வரைக்கும் கீழ விளக்க அணைக்கவே மாட்டான்." அவருடைய பூட்ஸ் தரையில் மெல்லத் தட்டுகிறது, படிக்கு ஒரு தட்டு. ஸ்வென்ட் சுட்ட விரலை வாயில் வைத்தபடி மனதுக்குள் எண்ணுகிறார். பதினான்காவது தட்டில் ஜன்னல் மங்கி அணைகிறது. "ஏறிட்டேன்" என்கிறார் போடில், இருட்டிடம்.