சூசைமணியின் வேண்டுதல் பூட்டு

மானுட குலத்தின் பக்தி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய அந்தப் பயணம், குழுவோடு வந்த சமையல்காரரின் இட்லி தீர்ந்த பிறகு தொடங்கியது. டாக்டர்கள் கைவிட்ட மகனுக்காகத் தூத்துக்குடி சூசைமணியும் மனைவி செலஸ்டினாவும் ஆற்றை ஒட்டிய மலையிடுக்கில் நடந்தார்கள். வசந்தகாலம், பாறை வெடிப்பிலெல்லாம் பூ. வழியில் இருந்த பழைய மாதா கோயில்கள் கூரையில்லாமல் கிடந்தன. கடைசிக் கோயில்தான் முழுசாக நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போன சூசைமணி, அதன் கதவில் ஒரு பூட்டுத் தொங்குவதைப் பார்த்தார். ஊரில் வேண்டுதலுக்காகக் கோயில் கம்பியில் பூட்டு மாட்டுவார்களே, இங்கேயும் அதுதான் என்று நினைத்துவிட்டார். மகன் பெயர் எழுதிக் கொண்டுவந்த பூட்டை, கதவின் இரண்டு வளையங்களிலும் சேர்த்து மாட்டிப் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்தார்.

கோயில் சாவியோடு வந்த வழிகாட்டி அப்படியே நின்றான். "அண்ணாச்சி, வருசத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் இதத் தொறப்பாங்க."

"உடைச்சிருவோம்யா."

"பழங்காலக் கதவு. ஒரு கீறல் விழுந்தா ஜெயில்தான்."

செலஸ்டினா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல பூட்டா வாங்குங்கன்னு நான்தான சொன்னேன்" என்றாள்.

பூட்டுக்குப் பத்து வருட உத்தரவாதம் இருந்தது.