டிஸ்கஸ் மீன் வாங்கும் முன்

இருட்டின கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து அந்தச் சத்தம். டொக். சற்று விட்டு மறுபடியும், டொக்... டொக்.

கண்ணாடியை யாரோ விரல் முட்டியால் இடிக்கிற மாதிரி.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஹாலில் விளக்குகளெல்லாம் பளீரென்று எரிந்தன. ஸ்விட்சுக்குக் கீழே, ஸ்டூல் மேல் ஏறி நின்றாள் என் நாலு வயது மகள். தொட்டிக்குள் ஆறு டிஸ்கஸ் மீன்களும் திசை தெரியாமல் பாய்ந்து கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன.

குளியலறையிலிருந்து என் கணவர் ஈரக்காலோடு வந்தார். ஓடி வரவில்லை. எங்கள் வீட்டில் இப்போது யாரும் ஓடுவதில்லை.

"யாரு லைட்டைப் போட்டது?" ரகசியம் பேசுகிற குரல்.

"நான்தாங்க போடச் சொன்னேன்," என்றேன்.

"முதல்ல அவளை இறக்கு. தொப்புன்னு குதிச்சு வைக்கப் போறா."

இந்த மீன்களுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மீன்கடைக்காரர் லேசில் விற்கவில்லை.

"முதல்ல தொட்டி பெருசா வேணும் சார், இருநூத்தம்பது லிட்டராவது. தண்ணி ஊத்தி, ஃபில்டர் போட்டு, ஒன்றரை மாசம் சும்மா ஓட விடுங்க. அப்புறமா வாங்க."

"ஒன்றரை மாசமா? வெறும் தண்ணியை வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

"அதுக்குப் பொறுமை இல்லேன்னா சின்னதா கப்பி மீன் வாங்கிட்டுப் போங்க சார். இது அப்படி இல்ல. தண்ணி எப்பவும் வெதுவெதுன்னு இருபத்தொன்பது டிகிரியில இருக்கணும். அடிக்கடி மாத்தணும். ஒத்தையா வாங்காதீங்க, ஆறா வாங்குங்க. தீனி போட்டா வந்து திங்குதான்னு கடையிலேயே நின்னு பாருங்க. உடம்பு கறுத்து மூலையில ஒதுங்கி நின்னா, சும்மா குடுத்தாலும் வேணாம்."

"ஏன் கறுக்குது?" என்று கேட்டேன்.

"பயம்மா. நோய் நொடியை விட இதுக்குப் பயம்தான் கெடுதல். திடீர்னு லைட்டு போடக் கூடாது. கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. பக்கத்துல நின்னு யாரும் கத்தக் கூடாது."

அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். எழுதியபடியே செய்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். சாத்தும்போது சத்தம் வராமலிருக்க விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டினார். ஒன்றரை மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்தார். மீன் வந்த பிறகு, தினமும் ஆபீஸ் போகுமுன் நாலு வாளித் தண்ணீரை முகம் சுளிக்காமல் மாற்றினார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"குடுத்து வச்சவடி நீ! மீனையே இப்படித் தாங்குற மனுஷன் பொண்டாட்டியை எப்படித் தாங்குவாரு! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, டிவி ரிமோட்டைக் காணோம்னா தெரு முழுக்கக் கேக்குது."

"ஆமாக்கா," என்றேன்.

பொய்யில்லை. மீன் வந்த நாளிலிருந்து இவர் குரல் தெருவுக்குக் கேட்டதே இல்லை. ஹாலில் கோபம் வந்தால், "ரூமுக்கு வா" என்பார். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்துவார். ரப்பர் ஒட்டின கதவு. சாத்துகிற சத்தமும் வராது, உள்ளே நடக்கிற சத்தமும் வராது. மறுநாள் முழுக்கை வைத்த உடுப்பாகத் தேடிப் போட்டுக்கொள்வேன்.

"கோவம் வந்தா நான் நானா இருக்கிறதில்ல. கை தானா ஓங்கிடுது. நீதான் புரிஞ்சுக்கணும்," என்பார் அப்புறம்.

ஐந்து வருடமாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

இன்றைக்கு ஒரு மீன் கறுத்துப்போய் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஸ்விட்சு மேல எவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். கான்வென்ட்ல படிச்சவளுக்கு அதைப் படிக்கத் தெரியலையா?"

"ஸாரிங்க. சின்னக் குழந்தை. இருட்டுல பயந்துட்டா."

"நீ போடச் சொன்னேன்னியே?"

மகளை இழுத்து என் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

"சரி. இனிமே அவளுக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியதுதான். ரெண்டு பேரும் ரூமுக்குப் போங்க. வர்றேன்."

ரெண்டு பேரும். இதுவரை நான் மட்டும்தான்.

மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் உடனே வரவில்லை. எல்லா விளக்கையும் ஒரேயடியாக அணைத்தால் மீன்கள் இன்னொரு தரம் மிரண்டுவிடும். அதனால் ஒரு விளக்கை அணைத்தார். காத்திருந்தார். தொட்டி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடா... ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த விளக்கை அணைத்தார். மறுபடி காத்திருந்தார்.

பத்து நிமிஷம். அவ்வளவு கோபத்தையும் உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு, விரல்கூட நடுங்காமல்.

அப்படியானால் அவரால் முடியும். எப்போதுமே முடிந்திருக்கிறது.

"அம்மா," நான் கதவைச் சாத்தினதும் மகள் என் காதுக்குள் கேட்டாள், "அப்பா கதவை உடைச்சிடுவாரா?"

"மாட்டாரு கண்ணு. தட்டக்கூட மாட்டாரு. வெளியில மீன் தூங்கப் போகுதுல்ல?"

சொல்லிக்கொண்டே, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டேன்.