ஆளுக்கும் ஊருக்கும் ஒரே பேர்

சிவநேசத்துக்கு இடுப்பு நாரி விண்விண்ணென்று வலிக்கிறது. மொன்றியல் மயானத்தில் சாய்ந்து கிடந்த கல்லொன்றைக் கொஞ்சம் முன்னர்தான் கூட வேலைசெய்யும் வேலணையாரும் அவனுமாக நிமிர்த்தினார்கள். விக்டோரியா மகாராணி காலத்துப் பட்டாளக்காரனின் கல். கப்டன் வின்டர்பி, பிறந்தது இங்கிலாந்தில் வின்டர்பி கிராமம் என்று வெட்டியிருக்கிறது. "உங்களை மாதிரித்தான் அண்ணை, ஆளுக்கும் ஊருக்கும் ஒரே பேர்" என்று பகிடி விட்டான். சிரித்தபடியே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இப்போது அம்புலன்ஸின் சிவப்பு வெளிச்சம் ஈர மேப்பிள் இலைகளில் சுழல்கிறது. ஸ்ட்ரெச்சருக்கு வெளியே சேறு அப்பிய சப்பாத்து ஒன்று தொங்குகிறது. அம்புலன்ஸ்காரி பிரெஞ்சில் அவருடைய பேர் கேட்கிறாள். "வேலணை" என்கிறான். குடும்பப் பேரா என்கிறாள். "இல்லை, அது ஊர்" என்று தடுமாறுகிறான். வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் "எந்த ஊர் அண்ணை?" என்று கேட்டவன், ஊர் தெரிந்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. வருசக்கணக்காக ஒரே போத்தல் தேத்தண்ணியைப் பங்குபோட்டுக் குடித்தும் கேட்கவில்லை. அவன் குனிகிறான். "அண்ணை, உங்கட பேர் என்னண்ணை?" ஒட்சிசன் மூடிக்குள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கதவை அடித்துச் சாத்துகிறார்கள். அந்த மனுசனை ஒருநாளாவது அவருடைய பேர் சொல்லிக் கூப்பிடவேண்டிய கடன் சிவநேசத்திடம் அப்படியே நிற்கிறது.