நாடகத்துக்கு ஒரு மைக் செட்

திருநகர் மைக் செட் கடையில் காலை வெயில் ஸ்பீக்கர் குழாய்களின் வாய்க்குள் இறங்கிக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற அற்புதமேரி டீச்சர் பெஞ்சில் உட்கார மறுத்து நிற்கிறார். முதியோர் போடும் நாடகத்துக்கு வாடகையில்லாமல் ஒரு செட் வேண்டும். கேட்டு வருவது இது மூன்றாம் நாள். “வயசானவுக குரல் மைக் வச்சாலும் எழும்பாது டீச்சர்” என்று கடைக்காரன் பசுபதி வயரைச் சுருட்டுகிறான். டீச்சர் வாசலுக்குப் போய் ராஜா வசனத்தை எடுத்துவிடுகிறார்: “யாரங்கே! கோட்டைக் கதவைத் திறடா!” எதிர்ச்சாரியில் டீ ஆற்றும் கை அந்தரத்தில் நிற்கிறது. திருமங்கலம் பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைக்கின்றன. பசுபதி சிரித்துவிடுகிறான். “இம்புட்டுக் குரல வச்சுக்கிட்டு மைக் எதுக்கு டீச்சர்?” அவர் குரலை இறக்கவில்லை. “நடிக்கிறவுகளுக்கா கேட்டேன்? பாக்க வாரவுகளும் எங்க வயசுதான் தம்பி, காது மந்தம். ரெண்டு குழாயாக் கட்டு.”