சிங்கமுக நாற்காலி

"ஏலே, இந்தப் படத்தைக் கழத்து!"

பண்ணையார் கைத்தடியால் சுட்டியது மத்தியாஸ் பிடித்த படத்தை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், நாகர்கோவிலில் போட்டோக் கண்காட்சி. ஒரே ஹாலில் இரண்டு பேருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒருவர், டவுனில் பெரிய ஸ்டுடியோ வைத்திருக்கும் ஏசுஅடிமை. இன்னொருவன், மூன்று கால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் மத்தியாஸ். அவனை வலியக் கூப்பிட்டதும் ஏசுஅடிமைதான், தன் படம் ஒன்று, அவன் படம் ஒன்று என ஜோடி ஜோடியாக மாட்டியதும் அவர்தான். இனயம் கடற்கரைக் கிராமத்துக்காரன் படம் டவுனில் தொங்குகிறதென்றால் சும்மாவா? காலையிலிருந்து மத்தியாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது பார்த்தால், பண்ணையார் படத்துக்குப் பக்கத்தில் முத்துக்கனி படம். அவர் மடியில் கைத்தடி, இவள் மடியில் கதிர் அரிவாள். இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே நாற்காலி! கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய பழைய நாற்காலி. ஸ்டுடியோவுக்குப் புதுசு வந்ததும் பழையதை மத்தியாஸ் தலையில் கட்டிவிட்டார் ஏசுஅடிமை. அவனும் அதை நிஜமாகவே தலையில் சுமந்துகொண்டு திரிகிறான்; போகிற ஊரிலெல்லாம் ஆட்களை அதில் உட்காரவைத்துப் படம் பிடிக்கிறான்.

"எனக்க வயலுல கதிரறுக்கவ, நான் இருந்த நாற்காலியில இருக்கா! அதை எனக்குப் பக்கத்துல வேற மாட்டியிருக்கு!"

கூட்டம் கூடிவிட்டது.

"ஒருக்கா நாற்காலியில இருந்து பாக்கணும்னு ஆசையா கேட்டா, முதலாளி..."

"அவ கேப்பா. நீ குடுத்திருவியோ?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் முத்துக்கனி தன் படத்தைப் பார்க்க வருவாள். வரச் சொன்னதே மத்தியாஸ்தான். அவள் வந்து வெறும் சுவரைப் பார்ப்பதா?

ஏசுஅடிமை ஓடி வந்தார். பண்ணையார் முன் கைகட்டி நின்றார்.

"முதலாளி கோவப்படப்பிடாது. என்ன செய்யணும், சொல்லுங்க."

"என்னவேய் செய்யணும்? அவளும் நானும் ஒரே சுவத்துல இருக்கப்பிடாது."

"சரியான பேச்சு. இப்பவே இறக்கிரலாம்."

மத்தியாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்ணையார் வீட்டில் கல்யாணமா, காதுகுத்தா, எல்லாவற்றுக்கும் ஏசுஅடிமைதான் படம் பிடிப்பார். அந்த இடத்தை விடுவாரா? அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டோமே, இவ்வளவுதானா இவர்!

"எனக்க படம் எல்லாத்தையும் கழத்துங்க அண்ணாச்சி. நான் போறேன்."

"சும்மா நில்லு மக்கா."

ஏசுஅடிமை ஸ்டூலில் ஏறினார். ஒரு படத்தைக் கழற்றினார். தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்து, பவ்யமாகப் பண்ணையார் கையிலேயே கொடுத்தார்.

பண்ணையார் குனிந்து பார்த்தார். அவருடைய படம்தான்.

"வேய்! யாருன்னு நெனச்சு..."

"முதலாளி வீட்டுச் சுவத்துல மாட்டிக்கிடுங்க. அங்க அவ வரமாட்டா."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பண்ணையார் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வில்வண்டியில் ஏறினார்.

மத்தியாஸ் ஏசுஅடிமை பக்கம் திரும்பினான்.

"இனி அந்த வீட்டுப் படி ஏற முடியுமா அண்ணாச்சி?"

"இதுவரைக்கும் ஏறினது போதும்."

அப்போதுதான் முத்துக்கனி தோள்சீலையை நேராக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. தன் படத்தை அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் பூரித்துப்போயிற்று.

"அரிவாளு நல்லா விழுந்திருக்கே!"

மத்தியாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஏசுஅடிமையின் கண் பக்கத்திலிருந்த வெற்று ஆணியின் மேலேயே இருந்தது.

"மக்கா, இவளுக்கு ஜோடி இல்லாமப் போச்சு. உன் பெட்டியில இருந்து இன்னொரு படம் எடு. அதே நாற்காலி உள்ளதாப் பாத்து எடு!"