நாக்கை நீட்டு

"நாக்கை நீட்டு, கண்ணு. இன்னும் நல்லா... ஆ."

கோங் பெய்லின் கைப்பேசியை மருந்து ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

திரை நிறைய மகளின் நாக்கு. இளஞ்சிவப்பு, மேலே மெல்லிசாக வெள்ளைப் படலம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. குறையே சொல்ல முடியாது.

அதுதான் அவருக்கு எரிச்சலாக வந்தது. நாக்கில் ஒன்றுமில்லை, இருமல் மட்டும் போவேனா என்கிறது.

முதலில் குளிரால் வந்த இருமல் என்று நினைத்து இஞ்சியும் பட்டைக் குச்சியும் சேர்த்துக் கட்டி அனுப்பினார். கேட்கவில்லை. சூட்டு இருமலோ என்று மல்பெரி இலை, செவ்வந்திப்பூ, அதிமதுரம் என மாற்றினார். அதற்கும் அசையவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் எல்லாமே பெரியவர்கள் அளவில் பாதி. கைத்தராசில் தானே நிறுத்துப் பொட்டலம் கட்டினார்.

ஜாங்ஷு கடைத்தெருவில் இருமல் என்றால் பெய்லின் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். அந்தப் பேரெல்லாம் சொந்தப் பிள்ளையிடம் செல்லுபடியாகவில்லை.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க?" முக்காலியில் உட்கார்ந்து தன் பொட்டலத்துக்காகக் காத்திருந்த டோஃபு கடை தாவ் அக்கா சிரித்தார். "மவளுக்கே கேக்காத மருந்தை நான் காசு குடுத்து வாங்குறேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"செத்த சும்மா இருங்கக்கா."

நாடி பிடித்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நாடி பிடிக்கக் கை வேண்டுமே. அந்தக் கை மலைக்கு அந்தப் பக்கம், அரை நாள் பஸ் பயணத்தில் இருந்தது. மனைவி லான்ஷின் விவாகரத்து வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள்.

போகிற அன்று சொன்னாள். "ஊரான் கையெல்லாம் புடிச்சுப் பாக்குறீங்க. கூட இருந்தவ கையைப் புடிக்கத்தான் உங்களுக்கு நேரமில்ல. இனி செத்தாலும் உங்க கசாயம் ஒரு வாய் குடிக்க மாட்டேன். என் வாசப்படியையும் நீங்க மிதிக்கக் கூடாது."

சொன்னால் சொன்னதுதான். அவளோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரியாதா?

அப்படிப்பட்டவள், மகள் தனக்கு இருமல் என்று சொல்லி அப்பாவிடம் மருந்து கேட்டபோது மறுப்புச் சொல்லவில்லை. அதுவே பெரிது என்று பெய்லின் சந்தோஷப்பட்டிருந்தார்.

"நியான்நியான், நெசத்தைச் சொல்லு. கசக்குதுன்னு கீழ ஊத்திடுறியா?"

"இல்லப்பா. ஒரு சொட்டு விடாம குடிச்சாச்சு."

எப்போதும் பேச்சு நடுவில் இருமல் வரும். உடனே படம் ஆடும், கூரை தெரியும். பிள்ளை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு இருமுகிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

"இன்னொரு தடவை காட்டு. உள்நாக்கு தெரியணும். ஆடாம அப்படியே இரு."

அவள் வாயை ஆவென்று திறந்து அப்படியே இருந்தாள்.

அப்போது இருமல் கேட்டது.

நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு கிளம்பி, துணியால் பொத்தி அடக்கி, அடங்காமல் மறுபடி வெடித்த இருமல். திரையில் நாக்கு துளியும் அசையவில்லை.

தாவ் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. நாக்கு அசையாமல் யாராலும் இரும முடியாது. இதைத் தெரிந்துகொள்ள வைத்தியம் படித்திருக்க வேண்டாம்.

படம் ஆடியது. கூரை தெரிந்தது.

பெய்லினுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இருமாத பிள்ளையின் நாக்கைப் பார்த்து இருமுகிறவளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். அதுவும் பாதி அளவு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

லான்ஷின் என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டால் இந்தப் பாதிக் கஷாயமும் அவள் தொண்டையில் இறங்காது.

மகளின் முகம் திரும்பி வந்தது. காதெல்லாம் சிவந்திருந்தது. "நான்தான்ப்பா இருமினேன்."

"தெரியுதுடா கண்ணு." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டார். "மருந்தைக் கொஞ்சம் கூட்டி அனுப்புறேன். அதுக்கு முன்னாடி அப்பா கேக்குறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லு. தூங்கும்போது உனக்கு உடம்பு நனையுற மாதிரி வேர்க்குதா?"

மகள் கைப்பேசிக்கு மேலே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேர்க்குதுப்பா."

"சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதா?"

மறுபடியும் மேலே பார்த்தாள். "லேசா."

மருந்து எடுக்க இழுப்பறைக்குள் விட்ட கை அங்கேயே நின்றது. எந்த இலையை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த இழுப்பறைகளில் இருக்கிற எதுவும் இதற்குப் போதுமா என்றும் தெரியவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் விடவும் முடியாது.

"சளியில ரத்தம் வருதா, கண்ணு?"

மகள் மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பதிலுக்குக் காத்திருந்த அந்தச் சின்ன முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்பா," என்றாள். "அம்மா ஏன்ப்பா அழுவுறாங்க?"