கடித்துப் பார்க்கும் மண்

ஆய்வுக் குழு மறுநாள் வருவதால் யாரும் தொடக்கூடாது என்று துறைத்தலைவர் பூட்டி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை, நிலவியல் பேராசிரியை ரூபவதி வகுப்பிலேயே திறந்துவிட்டாள். உள்ளே விரல் நீளத்துக்குக் கறுத்த மண். பூமியின் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடத்தில், ஆழ்கடலின் தரையைத் துளைத்து எடுத்தது. அதற்காக இரண்டு மாதம் கப்பலில் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தவள் அவள்தான்.

“பூட்டி வைக்கவா இதைக் கொண்டுவந்தேன்? மணல் கலந்ததா, சுத்தக் களிமண்ணான்னு பல்லுக்குத்தான் தெரியும். கடிச்சுப் பாருங்க.” கிள்ளிக் கிள்ளி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள்.

“நறநறன்னே இல்ல மேடம். வெண்ணெய் மாதிரி இருக்கு,” என்றான் ஒருவன்.

“அதான் வழுக்குது. சுனாமி அன்னைக்கும் இதுதான் வழுக்குச்சு. கடல் ஊருக்குள்ள வந்துச்சு.”

கடைசி பெஞ்சில் டெய்சி தன் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடல் அவள் அம்மாவைக் கொண்டுபோனது வகுப்புக்கே தெரியும். வேண்டாம் என்று ரூபவதி சொல்வதற்குள் அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் துறைத்தலைவர். “என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க மேடம்! எல்லாரும் துப்புங்க முதல்ல!”

பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். டெய்சி மட்டும் எழவில்லை.

“உன்னைத்தாம்மா. துப்பு.”

அவள் அவரைப் பார்த்தபடியே மென்றாள்.

பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கை ரூபவதி நகத்தால் சுரண்டி எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.